என்டோலா இரவு – 4: பதினைந்து மணி நேரம்

1961 செப்டம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை மாலை 4.51. காங்கோவின் தலைநகர் லியோபோல்ட்வில்லில் இருந்து ‘ஆல்பெர்ட்டினா’ என்ற டி.சி.-6 விமானம் கிளம்பியது. உள்ளே ஐ.நா. பொதுச் செயலாளர் டாக் ஹமர்ஷெல்டும் மற்ற 15 பேரும். சென்ற வாரம் அந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம்.

புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்காக முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1960 ஜூன் 30 அன்று பெல்ஜியத்திடமிருந்து காங்கோ விடுதலை பெற்றது. பதினோராம் நாளே கட்டாங்கா மாகாணம் தனி நாடாகப் பிரிவதாக அறிவித்தது. செம்பும் கோபால்ட்டும் யுரேனியமும் கிடைத்த மண் அது. தலைவர் மொய்ஸ் ஷோம்பே. அவருக்குப் பின்னால் யூனியன் மினியேர் என்ற சுரங்க நிறுவனம், பெல்ஜிய அதிகாரிகள், ஐரோப்பியக் கூலிப்படையினர். காங்கோவின் முதல் பிரதமர் லுமும்பா 1961 ஜனவரி 17 அன்று அதே கட்டாங்கா மண்ணில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நாட்டைப் பிளவுபடாமல் காக்க ஐ.நா. படை போயிருந்தது. நேரு அனுப்பிய இந்தியப் படைப்பிரிவும் அதில் இருந்தது. செப்டம்பர் 13 அன்று கட்டாங்காவில் பெரிய சண்டை மூண்டது. ஜாடோவில்லில் அயர்லாந்து வீரர்கள் முற்றுகையில் சிக்கி, 17-ஆம் தேதி சரணடைந்தார்கள். உலகத் தலைநகரங்களிலெல்லாம் ஐ.நா.வின் மீது கோபம். சண்டையை நிறுத்த ஒரே வழி ஷோம்பேவை நேரில் பார்த்துப் பேசுவதுதான் என்று ஹமர்ஷெல்ட் முடிவெடுத்தார். சந்திப்புக்குக் குறித்த இடம் எல்லைக்கு அப்பால் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த வடக்கு ரொடீசியாவின் என்டோலா. இன்றைய ஜாம்பியா நாட்டில் இருக்கிறது. செம்புச் சுரங்க வட்டாரத்து நகரம்.

இனி அன்றைய இரவுக்குள் போவோம்.

* * *

லியோபோல்ட்வில்லில் இருந்து என்டோலாவுக்கு நேர்க்கோட்டில் பறந்தால் கட்டாங்காவின் வானத்தைக் கடக்க வேண்டும். கட்டாங்காவிடம் ஒரு ஃபூகா ஜெட் இருந்தது. நான்கு நாட்களாக அந்த ஒற்றை ஜெட் ஐ.நா. முகாம்களின் மேல் குண்டு பொழிந்துகொண்டிருந்தது. அதை எதிர்க்க ஐ.நா.விடம் ஒரு போர் விமானம்கூட இல்லை.

அதனால் சுற்றுவழி. கேப்டன் பெர் ஹல்லோன்க்விஸ்ட் கிழக்கே டாங்கனிக்கா ஏரிப் பக்கம் வரை போய், அங்கிருந்து தெற்கே திரும்பி, எல்லையை ஒட்டி என்டோலாவுக்கு வரத் திட்டமிட்டார். விமான நிலையத்தில் கொடுத்த பயணத் திட்டத்தில் என்டோலா என்றே எழுதவில்லை. லுலுவாபூர் என்று வேறு ஊரின் பெயரைக் கொடுத்தார். வழியில் வானொலிப் பேச்சு கிடையாது. தவிர்க்க முடியாமல் பேச நேர்ந்தால் வெளியார் யாருக்கும் புரியாதபடி ஸ்வீடிஷில் பேசுவதற்காகவே அந்த மொழி தெரிந்த வானொலி அலுவலர் ஒருவரையும் ஏற்றிக்கொண்டார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். அன்று காலை இதே ஆல்பெர்ட்டினா கட்டாங்காவின் தலைநகர் எலிசபெத்வில்லில் இருந்து கிளம்பும்போது சுடப்பட்டிருந்தது. லியோபோல்ட்வில்லில் இறங்கியதும் எஞ்சின் பகுதியில் குண்டு பட்ட இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். பழுது பார்த்து முடித்த பிறகு, கிளம்பும் வரை, அந்த விமானத்துக்குத் தனிக் காவல் எதுவும் போடப்படவில்லை. கதவுகள் பூட்டியிருந்தன, அவ்வளவுதான். ஐ.நா.வின் தலைவர் ஏறப்போகும் விமானம் அது! நாசவேலை பற்றிய சந்தேகம் முளைக்கும் இடம் இதுவே. அதைத் தனியாக ஒரு வாரம் எடுத்துக்கொண்டு பேச வேண்டும்.

ஆல்பெர்ட்டினாவுக்கு முன்பே இன்னொரு விமானம் என்டோலாவுக்குக் கிளம்பியிருந்தது. அதில் பிரிட்டிஷ் அமைச்சர் லான்ஸ்டவுன் பிரபு இருந்தார். அது நேர்வழியில் போய் இரவு 10.35-க்கு என்டோலாவில் இறங்கியது. காத்திருந்த நிருபர்களில் சிலர் ஹமர்ஷெல்ட்தான் வந்துவிட்டார் என்று நினைத்துச் செய்தி அனுப்பினார்கள். மறுநாள் காலை, அவர் என்டோலா வந்து சேர்ந்தார் என்று உலகின் சில பத்திரிகைகள் அச்சிட்டிருந்தன. அந்தப் பத்திரிகைகள் கைக்கு வந்த நேரத்தில் அவர் காட்டில் கிடந்தார்.

என்டோலா நேரம் இரவு 10.02 (லியோபோல்ட்வில்லில் 9.02). நான்கு மணி நேர மௌனத்துக்குப் பிறகு ஆல்பெர்ட்டினா ரொடீசியாவின் சாலிஸ்பரி கட்டுப்பாட்டு நிலையத்தை அழைத்தது. லான்ஸ்டவுனின் விமானம் எப்போது இறங்கும் என்று கேட்டது. நள்ளிரவு 12.35-க்குத் தாங்கள் என்டோலாவில் இருப்போம் என்றது. இரவு 11.35-க்கு என்டோலா கோபுரத்தோடு தொடர்பு கிடைத்தது. காற்று, வானிலை, ஓடுபாதை விவரங்கள் பரிமாறப்பட்டன. வானம் தெளிவாக இருந்தது. லேசான புகைமூட்டம் தவிர வேறு தொந்தரவு இல்லை.

நள்ளிரவு 12.10. விமானத்திலிருந்து கோபுரத்துக்கு வந்த செய்தியின் சாரம் இது: உங்கள் விளக்குகள் தெரிகின்றன, என்டோலாவுக்கு மேலே இருக்கிறோம், இறங்குகிறோம், காற்றழுத்த அளவை உறுதிசெய்யுங்கள்.

கோபுரம் அளவைச் சொன்னது. 6,000 அடிக்கு வந்ததும் தெரிவிக்கும்படி கேட்டுக்கொண்டது.

தெரிவிக்கிறோம் என்று பதில் வந்தது. அதன் பிறகு ஆல்பெர்ட்டினா பேசவே இல்லை.

* * *

அந்நாளில் இதுபோன்ற நிலையத்தில் இரவு நேரத்தில் விமானங்கள் எப்படி இறங்கின என்று தெரிந்தால்தான் அடுத்து வருவதன் கனம் புரியும். விமானம் முதலில் நிலையத்தின் தலைக்கு மேலே பறந்து செல்லும். சில மைல் தள்ளிப் போய், உயரத்தைக் குறைத்தபடியே வளைந்து திரும்பி, ஓடுபாதைக்கு நேராக வந்து இறங்கும். முழுவதுக்கும் சில நிமிடங்கள் போதும். ஆல்பெர்ட்டினா தலைக்கு மேலே போனதைக் கீழே நின்றவர்கள் கேட்டார்கள், பார்த்தார்கள். மேற்கே போனது. திரும்பி வரவில்லை.

ஐந்து நிமிடம் போயிற்று. பத்து, இருபது, முப்பது என்று நேரம் ஓடியது. கோபுரத்தில் இருந்தவர் கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை.

அன்றிரவு கோபுரத்தில் நடந்த பேச்சுக்கு ஒலிநாடாப் பதிவு கிடையாது. நமக்குக் கிடைப்பது கட்டுப்பாட்டு அலுவலர் பின்னால் எழுதித் தந்த குறிப்பு மட்டுமே. நான் மேலே கொடுத்த உரையாடலும் அந்தக் குறிப்பிலிருந்து வந்ததுதான்.

நிலையத்தில் அன்றிரவு இருந்த மிகப் பெரிய மனிதர் ஆல்போர்ட் பிரபு. ரொடீசிய-நியாசாலாந்துக் கூட்டாட்சிக்கான பிரிட்டிஷ் ஹை கமிஷனர். சந்திப்பை நடத்திவைக்க வந்திருந்தவர். ஷோம்பே பகலிலேயே என்டோலா வந்து தங்கியிருந்தார். பொதுச் செயலாளர் வந்ததும் இருவரையும் உட்காரவைக்க வேண்டியதுதான் பாக்கி.

விமானம் வரவில்லை என்றதும் ஆல்போர்ட் ஒரு முடிவுக்கு வந்தார். ஹமர்ஷெல்ட் மனம் மாறி வேறு எங்கோ போயிருக்க வேண்டும் என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இந்தத் தொடருக்காகப் படித்தவற்றில் என்னை மிகவும் உலுக்கிய இடம் இது.

விளக்குகள் தெரிகின்றன, இறங்குகிறோம் என்று சொன்ன விமானம் அது. ஆறு மணி நேரத்துக்கு மேல் இருட்டில் சுற்றி வந்து, ஊரின் தலைக்கு மேலே நின்று, காற்றழுத்த அளவையும் கேட்டு வாங்கிக்கொண்டது. அப்படிப்பட்ட விமானம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேறு ஊருக்குத் திரும்பிவிடுமா? எந்த ஊருக்கு? விமானம் ஓட்டத் தெரியாதவர்கள்கூட இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். அன்றிரவு அங்கே இருந்தவர்களில் பலர் விமானத் துறையிலேயே ஊறியவர்கள்.

ஆல்போர்ட் பக்கம் சொல்லக்கூடியதையும் சொல்லிவிட வேண்டும். பயணம் ரகசியமாக நடந்தது. பயணத் திட்டத்தில் வேறு ஊர் எழுதியிருந்தது. ஹமர்ஷெல்ட் பிரிட்டனின் கையாளாகத் தெரியக்கூடாது என்பதில் கவனமாக இருந்தவர். தாம் வருவதற்குள் லான்ஸ்டவுன் அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும் என்பதும் அவர் செய்த ஏற்பாடு. இப்படிப்பட்டவர் கடைசி நேரத்தில் காங்கோவுக்குத் திரும்பிவிட்டார் என்று ஒரு அரசியல்வாதி ஊகிக்கலாம்.

ஆனால் ஊகம் என்றால் அதைச் சரிபார்க்க வழி இருந்தது. லியோபோல்ட்வில்லைக் கேட்டிருக்கலாம். எலிசபெத்வில்லைக் கேட்டிருக்கலாம். சுற்றியுள்ள நிலையங்களையெல்லாம் அந்த நிமிடமே தட்டி எழுப்பியிருக்கலாம். ஒரு உலகத் தலைவரின் விமானம் காணாமல் போனால் அதுதானே முதல் வேலை?

ஆல்போர்ட் விமான நிலையத்தில் நின்ற தமது விமானத்துக்குள் படுத்துத் தூங்கினார். நிலைய மேலாளர் ஹோட்டலுக்குப் போய்விட்டார். அதிகாலை 3 மணி வாக்கில் என்டோலா விமான நிலையத்தின் விளக்குகள் அணைக்கப்பட்டன.

ஆல்போர்ட்டைச் சதிகாரர் என்று சொல்ல என் கையில் ஆதாரம் இல்லை. சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்த இரவின் பொறுப்பிலிருந்து அவரை விடுவிக்கவும் என்னால் முடியவில்லை.

* * *

விளக்கு அணைந்த சிறிது நேரத்தில் போலீஸ்காரர்கள் விமான நிலையத்துக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவருடைய சகா நள்ளிரவு கழிந்த சமயத்தில் வானத்தில் செக்கச்சிவந்த ஒளி ஒன்று மேலே பரவியதைப் பார்த்திருந்தார். ஒரு விமானம் வரவில்லை என்ற சேதியும் கிடைத்ததால் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, தகவல் சொல்லவே அவர்கள் வந்தார்கள்.

ஹோட்டலில் தூங்கிய மேலாளரை எழுப்பிச் சொன்னார்கள். விடியும் வரை எதுவும் செய்வதற்கில்லை என்பது பதில்.

செப்டம்பரில் அந்தப் பக்கம் ஆறு மணிக்கு முன்பே வெளிச்சம் வந்துவிடும். வெளிச்சமும் வந்தது. தேடும் விமானங்கள் மட்டும் காலை பத்து மணி வாக்கில்தான் மேலே கிளம்பின.

ஆல்பெர்ட்டினா விழுந்த இடத்துக்கும் ஓடுபாதைக்கும் இடையே சுமார் 15 கிலோமீட்டர். விழுந்த பிறகு அதிகாரபூர்வமாக அதைக் கண்டது பிற்பகல் 3.10-க்கு. நள்ளிரவு 12.10-க்கும் பிற்பகல் 3.10-க்கும் இடையே சரியாகப் பதினைந்து மணி நேரம்.

* * *

அதிகாரிகள் தூங்கிய அதே இரவில், காட்டுக்குள் சிலர் விழித்திருந்தார்கள்.

என்டோலாவைச் சுற்றி அடர்ந்த காடு. சுரங்க நகரங்களின் அடுப்புக்குத் தேவையான கரி அந்தக் காட்டில்தான் சுடப்பட்டது. மரத்தை வெட்டி அடுக்கி, மேலே புல்லும் மண்ணும் போட்டு மூடி, ஒரு பக்கம் தீ வைப்பார்கள். உள்ளே நாள்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். மண் எங்காவது விரிசல் விட்டால் காற்று புகுந்துவிடும். காற்று புகுந்தால் மரம் கரியாகாமல் சாம்பலாகிவிடும். அதனால் இரவிலும் ஆள் காத்திருந்து, விரிசல் கண்ட இடத்தில் மண்ணை அப்பி அடைக்க வேண்டும். ராமநாதபுரம் பக்கம் கருவேல மரத்தில் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு இந்தக் காவல் நன்றாகத் தெரியும்.

ஆக, அன்றிரவு அந்தக் காட்டில் வானத்தைப் பார்க்கக்கூடிய நிலையில் இருந்தவர்கள் கரி சுடும் ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள்தான். பெரிய விமானம் வந்ததைக் கண்டார்கள். மரங்களின் மேல் அது விழுந்த சத்தத்தைக் கேட்டார்கள். நெருப்பைப் பார்த்தார்கள். அதற்கு மேலும் சிலவற்றைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அதை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

விடிந்ததும் சிலர் அந்த இடத்துக்குப் போனார்கள். புகைந்துகொண்டிருந்த உலோகக் குவியலையும் உடல்களையும் கண்டார்கள்.

ஏன் ஓடிப்போய் போலீஸிடம் சொல்லவில்லை? இன்று நமக்கு எளிதாக வரும் கேள்வி இது. 1961-இல் வடக்கு ரொடீசியாவில் ஒரு கறுப்பினத் தொழிலாளிக்குப் போலீஸ் என்றால் யார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். எரிந்த விமானத்தின் பக்கத்தில் நின்றேன் என்று சொல்கிறவன் சாட்சியாகத் திரும்பி வருவானா, குற்றவாளியாக உள்ளே போவானா என்று அவனுக்குத் தெரியாது. அந்தப் பயம் வீண் பயம் இல்லை என்பது விரைவிலேயே தெரிந்தது. சிதறிக் கிடந்த பொருள்களில் ஒன்றைத் தட்டச்சுப் பொறி என்று எண்ணிச் சிலர் எடுத்துப் போயிருந்தார்கள். அது ஐ.நா.வின் ரகசியச் செய்திகளைச் சங்கேத மொழியில் மாற்றும் இயந்திரம். அவர்கள் பிடிபட்டு, சிறைத்தண்டனை பெற்றார்கள். அன்றிரவு விமான நிலையத்தை மூடிவிட்டுப் போனவர்களில் ஒருவர்மீதும் வழக்கு இல்லை.

எல்லோரும் வாய் மூடியிருக்கவும் இல்லை. என்டோலாவை ஒட்டிய ட்வாப்பியா குடியிருப்பின் நிர்வாகியாக டிமோத்தி கன்காசா என்பவர் இருந்தார். பிற்காலத்தில் சுதந்திர ஜாம்பியாவின் அரசியலில் பெரிய பொறுப்புகளுக்கு வந்தவர். காலையில் கரி சுடும் தொழிலாளர்கள் தம்மிடம் வந்து சொன்னதாகவும், தாமே நேரில் போய்ப் பார்த்ததாகவும், ஒன்பது, ஒன்பதரை மணிக்கே போலீஸுக்குத் தெரிவித்ததாகவும் அவர் சாட்சியம் சொன்னார். ஆனால் போலீஸும் ஆம்புலன்ஸும் பிற்பகல் வரை வரவில்லை என்றார்.

கன்காசா சொன்னது உண்மையானால், பதினைந்து மணி நேரத்தின் கடைசி ஐந்தரை மணி நேரத்துக்கு ‘தெரியாது’ என்ற சமாதானம்கூட மிஞ்சாது.

நான் அவரை நம்புகிறேன். பொறுப்பான பதவியில் இருந்த மனிதர். அந்த ஆட்சியில் அப்படியொரு சாட்சியம் சொன்னதால் அவருக்குக் கிடைக்கக்கூடிய லாபம் ஒன்றும் இல்லை, சங்கடம்தான் மிச்சம்.

* * *

பிற்பகல் 3.10-க்கு ரொடீசிய விமானப் படை விமானி ஒருவர் மேலிருந்து இடத்தைக் கண்டார். தரைவழியாக ஆட்கள் விரைந்தார்கள்.

மரங்களின் உச்சிகளை வெட்டிக்கொண்டு நீண்ட பாதை ஒன்று காட்டுக்குள் இறங்கியிருந்தது. செங்குத்தாக விழுந்த விமானத்தின் தடம் அது இல்லை. மெல்ல மெல்லத் தாழ்ந்து வந்த விமானத்தின் தடம். சக்கரங்கள் கீழே இறக்கப்பட்டுப் பூட்டியிருந்தன. இறக்கைத் தகடுகள் இறங்குவதற்கான நிலையில் இருந்தன. உயரமானிகள் சரியாக அமைக்கப்பட்டிருந்தன. நான்கு எஞ்சின்களும் இயங்கிக்கொண்டிருந்தன. விமான நிலையத்தின் உயரம் கடல்மட்டத்திலிருந்து 4,160 அடி. விமானம் விழுந்த இடம் 4,285 அடி. அதாவது 6,000 அடிக்கு வந்ததும் சொல்கிறோம் என்றவர்கள், அதைச் சொல்லாமலே மரங்களின் உயரத்துக்கு வந்துவிட்டார்கள். பெரிய கரையான் புற்று ஒன்றில் இறக்கை மோதி, விமானம் புரண்டு, எரிபொருள் பற்றிக்கொண்டது.

உடல்களில் பெரும்பாலானவை அடையாளம் தெரியாதபடி கருகியிருந்தன. ஹமர்ஷெல்ட் மட்டும் கருகவில்லை. விமானத்திலிருந்து வெளியே வீசப்பட்டு, ஒரு கரையான் புற்றின் அருகே கிடந்தார். வயது 56. காங்கோ நெருக்கடிக்கு நடுவிலும் மார்ட்டின் பூபரின் நூலொன்றை ஸ்வீடிஷில் மொழிபெயர்க்கும் வேலையைக் கைவிடாமல் வைத்திருந்தவர். குருஷ்சேவ் பதவி விலகச் சொன்னபோது, சிறிய நாடுகளுக்காக இந்தப் பதவியில் இருப்பேன் என்று சொன்னவர். அந்த ஆண்டின் நோபல் அமைதிப் பரிசு இறந்த பிறகே அவருக்கு வழங்கப்பட்டது.

பதினாறு பேரில் ஒருவருக்கு மட்டும் உயிர் இருந்தது.

* * *

ஹாரல்ட் ஜூலியன். அமெரிக்கர். ஐ.நா.வின் பாதுகாப்பு அலுவலர். உடலின் பெரும்பகுதி வெந்திருந்தது. கணுக்கால் முறிந்திருந்தது. அந்தக் கோலத்தில், நள்ளிரவு முதல் விடியும் வரையும், விடிந்து பிற்பகல் மூன்று மணி வரை ஆப்பிரிக்க வெயிலிலும், தண்ணீர் தர ஆள் இல்லாமல் கிடந்தார்.

பதினைந்து கிலோமீட்டர் தொலைவில் மருத்துவமனை இருந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

என்டோலா மருத்துவமனையில் அவர் ஆறு நாட்கள் உயிரோடு இருந்தார். நர்ஸுகளிடம் தம் பெயரையும் பதவியையும் சொன்னார். லியோபோல்ட்வில்லுக்கு விபத்தைத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொண்டார். இறந்தவர்களின் பட்டியல் வெளியாவதற்கு முன், தாம் உயிரோடு இருப்பதை மனைவி மக்களுக்குச் சொல்லிவிடும்படி கெஞ்சினார். சுயநினைவு இல்லாதவர் இவ்வளவு யோசித்துப் பேசுவாரா?

போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் அவரிடம் பேசிப் பதிவுசெய்த கேள்வி-பதில் இருக்கிறது. என்ன நடந்தது என்று கேட்டதற்கு ஜூலியனின் பதில்: “அது வெடித்தது.”

ஓடுபாதைக்கு மேலேயா என்று கேட்டார். ஆமாம் என்றார்.

அடுத்து என்ன? மிகுந்த வேகம், மிகுந்த வேகம் என்றார். பிறகு மோதல். பிறகு சுற்றிலும் சிறுசிறு வெடிப்புகள்.

நீங்கள் எப்படித் தப்பினீர்கள்? அவசரக் கதவை இழுத்துத் திறந்து வெளியே ஓடினேன்.

மற்றவர்கள்? சிக்கிக்கொண்டார்கள்.

வானத்தில் தீப்பொறிகள் பறந்ததாகவும் அவர் மருத்துவமனையில் சொன்னார்.

செப்டம்பர் 23 அன்று ஜூலியன் இறந்தார். ரொடீசிய விசாரணைக் குழு, மயக்க மருந்தின் பிடியில் இருந்த நோயாளியின் பிதற்றல் என்று அவருடைய வார்த்தைகளை ஒதுக்கியது. 1962 பிப்ரவரியில், விமானி தவறுதலாக மிகத் தாழ்வாக வந்ததே காரணம் என்று அது தீர்ப்புச் சொன்னது. விமானத்துக்குள் இருந்து பேசிய ஒரே மனிதரின் வாக்குமூலத்துக்கு அந்தத் தீர்ப்பில் இடம் இல்லை.

அதே ஆண்டு ஏப்ரலில் ஐ.நா.வின் சொந்த விசாரணைக் குழு வேறு மாதிரி முடித்தது. விமானியின் தவறாக இருக்கலாம். நாசவேலையோ வெளியிலிருந்து தாக்குதலோ நடந்திருக்கவே முடியாது என்றும் சொல்லிவிட முடியாது என்றது. கோப்பு மூடப்படவில்லை. புதிதாக ஆதாரம் ஏதும் தெரியவந்தால் தெரிவிக்கும்படி பொதுச் செயலாளரைக் கேட்டு ஐ.நா. பொதுச் சபை 1962 அக்டோபர் 26 அன்று தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் அரை நூற்றாண்டுக்குப் பிறகு விசாரணை மறுபடியும் உயிர்பெற்றது.

* * *

பதினைந்து மணி நேரத்தை வைத்துக்கொண்டு விமானம் எதனால் விழுந்தது என்று சொல்லிவிட முடியாது. தாமதம் வேறு, காரணம் வேறு. விமானியின் தவறால் விழுந்த விமானத்தைக்கூடச் சோம்பேறித்தனத்தால் தேடாமல் இருக்கலாம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிச் சதி, சதி என்று கூச்சல் போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனாலும் அந்தத் தாமதம் மூன்று விஷயங்களைப் பறித்துக்கொண்டது. ஒன்று, ஜூலியனின் உயிர். நள்ளிரவிலோ விடியலிலோ எடுத்து வந்திருந்தால் பிழைக்கும் வாய்ப்பு கண்டிப்பாகக் கூடியிருக்கும். பிழைத்திருந்தால் இந்தத் தொடரே தேவைப்பட்டிருக்காது. என்ன நடந்தது என்று அவரே சொல்லியிருப்பார். இரண்டு, தடயங்கள். பதினைந்து மணி நேரம் காவலில்லாமல் கிடந்த இடத்துக்கு யார் வந்தார்கள், எதைத் தொட்டார்கள், எதை எடுத்தார்கள் என்று இன்று ஒருவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. மூன்று, நம்பிக்கை. விபத்து என்று ரொடீசிய அதிகாரிகள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் உலகம் சந்தேகத்தோடு கேட்க அந்தப் பகலே காரணமாயிற்று. கூட்டாட்சியின் பிரதமர் ராய் வெலென்ஸ்கி வெளிப்படையாகவே ஷோம்பேவின் பக்கம் நின்றவர் என்பதும் சேர்ந்துகொண்டது.

இப்போது லியோபோல்ட்வில்லுக்கு ஒருமுறை திரும்பிப் போக வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 18 காலை. விமானத்தின் சிதைவு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. அங்கிருந்த அமெரிக்கத் தூதர் எட்மண்ட் கல்லியன் வாஷிங்டனுக்கு ஒரு தந்தி அனுப்பினார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ரகசியக் கோப்பில் இருந்துவிட்டு 2014-இல் வெளிச்சத்துக்கு வந்த தந்தி அது. ஹமர்ஷெல்டின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டிருக்கக்கூடும் என்று அதில் இருந்தது. ஐ.நா. படைகளைத் தாக்கிவந்த அந்த ஒற்றை ஜெட்டின் விமானியே அதைச் செய்திருக்கலாம் என்று இருந்தது. ஒரு பெல்ஜியரின் பெயரும் எழுத்துப்பிழையோடு அதில் இருந்தது.

என்டோலாவில் இருந்தவர்கள் விமானம் வேறு ஊருக்குப் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டிருந்த காலையில், ஆயிரம் மைலுக்கு மேல் தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு தூதர் சுடப்பட்டிருக்கலாம் என்று எழுதுகிறார். அந்தப் பெயரை அவருக்குக் கொடுத்தவர் யார்? கரி சுடும் தொழிலாளர்கள் அன்றிரவு வானத்தில் பார்த்ததாகச் சொன்ன இரண்டாவது விமானத்துக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பு உண்டா?

அடுத்த வாரம் பார்ப்போம்.